மேல்கட்டில்ல துடிச்ச கீழ்க்கட்டில் நெஞ்சு

துபாய் தேராவுல, நாயிஃப் ரோட்டுக்குப் பின்னாடி, லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்துல நாலாவது மாடியில எங்க ரூம், அந்த ரூம்ல சுவரோரமா ஒரு ரெண்டடுக்குக் கட்டில், அதுல மேல வெள்ளைக்கண்ணு, கீழ மலைக்கொழுந்து, ரெண்டு பேரும் சிவகங்கைப் பக்கம் அடுத்தடுத்த தெரு, ஒரே ஏஜெண்ட்டு, ஒரே விமானம், ஒரே மாதிரி வழுக்கை, ஒரே மாதிரி மீசை, ஆனா ஒருத்தர் பேரை இன்னொருத்தர் வாயால சொல்லி நாங்க யாரும் கேட்டதில்ல. இவருக்கு அவரு கீழ்க்கட்டில், அவருக்கு இவரு மேல்கட்டில். "கீழ்க்கட்டிலை லைட்ட அணைக்கச் சொல்லு"ன்னு மேலேருந்து சத்தம் வரும், "மேல்கட்டிலுக்குக் கண்ணு கூசுதுன்னா கண்ணைப் பிடுங்கிப் போடச் சொல்லு"ன்னு கீழேருந்து பதில் வரும், நடுவுல நாங்க உக்காந்து சோறு திங்கணும்.

சண்டை எதுக்குன்னா ஒரு அட்டைப்பெட்டிக்கு. வளைகுடாவுல யாரு ஊருக்குப் போனாலும் ரூம்ல இருக்குற எல்லாரும் தங்க வீட்டுக்கு ஏதாவது கொடுத்துவிடுவோம், கோடாலித் தைலம், பால்மாவு, கம்பளி, பேரீச்சம்பழம், போறவன் பெட்டியில அவன் சாமான் பாதிதான் இருக்கும், மீதி ஊர்ச் சாமான். வெள்ளைக்கண்ணு ஒரு தடவை லீவுல போனப்ப மலைக்கொழுந்து தன் மகளுக்கு நடக்குற பொம்மை ஒண்ணு கொடுத்துவிட்டார். ஏர்போர்ட்டுல எடை கூடிருச்சு, எதையாவது எடுன்னான், இவரு எல்லார் சாமானையும் விட்டுட்டு அந்தப் பொம்மைப் பெட்டியை மட்டும் எடுத்து ஒரு தூணோரமா வச்சுட்டு ஏறிட்டார். ஊர்ல அந்தப் புள்ள இவரு வீட்டு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நின்னுருக்கு. அன்னிக்கு ஆரம்பிச்சது. வெள்ளைக்கண்ணு சமையல் முறையா இருக்குற நாள்ல மலைக்கொழுந்து கடையில குப்பூஸ் ரொட்டி வாங்கித் தின்பார், மலைக்கொழுந்து முறையா இருந்தா வெள்ளைக்கண்ணு பட்டினி.

அப்படி மலைக்கொழுந்து முறை வந்த ஒரு வெள்ளிக்கிழமை, ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு நின்ன மனுஷன் கரண்டியோட அப்படியே தரையில உக்காந்துட்டார். இடது கை தூக்க முடியல, சட்டையெல்லாம் வேர்வை, உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆகிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். தூக்கலாம், ஆனா எந்தப் பேரைச் சொல்லி? மலைக்கொழுந்து கல்லிவல்லி. கல்லிவல்லின்னா விசா கொடுத்த கம்பெனியை விட்டு ஓடி வந்து, கிடைக்கிற இடத்துல வேலை பார்க்குற ஆளு, விசா செத்துப்போச்சு, இன்சூரன்ஸ் கார்டு கிடையாது, போலீஸ் பார்த்தா முடிஞ்சுது.

எங்க ரூமுக்குப் பெரியவரு தொண்டி ஜபருல்லா பாய், துணிக்கடையில வேலை, மெஸ்ஸு கணக்கு, சமையல் முறை, பாத்ரூம் வரிசை எல்லாம் அவரு சொல்றதுதான். அவரு கீழ கிடக்குற மலைக்கொழுந்தைப் பார்த்தார், மேல கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்த வெள்ளைக்கண்ணைப் பார்த்தார், திரும்ப அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"டே வெள்ளைக்கண்ணு, உன் கார்டை எடு."

"எதுக்கு?"

"உன் மூஞ்சியும் அவன் மூஞ்சியும் போட்டோவுல ஒரே புளிமூட்டைதானடா. எடு."

"பாய், அந்தாளு சாகட்டும்னுதான் நான் மேல உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"சாகட்டும். ஆனா ரூம்ல சாகக் கூடாது. போலீஸ் வந்து எத்தனை பேருடா இந்த ரூம்லன்னு எண்ணுனா என்னடா பண்ணுவ? கார்டை எடுக்குறியா, இல்ல நாளையிலேருந்து உன் உலையில அரிசி போடுறதை நிப்பாட்டவா?"

வெள்ளைக்கண்ணு பர்ஸைத் தொறந்து கார்டை எடுத்து, கீழ கிடந்தவர் நெஞ்சு மேலயே விட்டெறிஞ்சார். "பத்திரமாத் திருப்பிக் கொண்டாரச் சொல்லுங்க. ஆளை இல்ல, கார்டை."

சத்தியமாச் சொல்றேன், அந்தக் கார்டு சரியா நெஞ்சு நடுவுல போய் ஒட்டிக்கிச்சு, வேர்வையில.

ஆஸ்பத்திரி பெரிய ஆஸ்பத்திரி, பேரு வேணாம். போட்டோவைப் பார்த்தாங்க, மீசையைப் பார்த்தாங்க, சரின்னுட்டு ஒரு தள்ளுவண்டியில படுக்க வச்சு உள்ள கொண்டுபோனாங்க. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் மலைக்கொழுந்து சொன்னது. ஐஸ் ஃபேக்டரி மாதிரி ஒரு ரூமாம், சிமெண்ட் தொட்டி மாதிரி ஜில்லுன்னு ஒரு மேசையாம், மேல ஒரு பெரிய இரும்புக் கை மூஞ்சிக்கு நேரா வந்து வந்து பார்த்துட்டுப் போகுமாம், மணிக்கட்டுல ஊசி குத்தி அது வழியா ஒரு கம்பியை விட்டாங்களாம், கம்பி போறது தெரியவே இல்லையாம், மருந்து விட்டப்பதான் காதுமடல்லேருந்து கால்கட்டை விரல் வரைக்கும் சுடுதண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சாம், பக்கத்து டிவியில அவரு நெஞ்சு தெரிஞ்சுதாம், நம்ம ஊரு கம்மாக்கரைக் கருவேல மரம் மாதிரி கிளை கிளையா, அதுல ஒரு கிளை மட்டும் பட்டுப்போயி நின்னுச்சாம். எகிப்து டாக்டரு ஒரு ஸ்ப்ரிங்கை உள்ள விட்டு அந்தக் கிளையை விரிக்கும்போது குனிஞ்சு கேட்டாராம், "வெல்லகானு? வெல்லகானு, ஓகே?"

இதுதான் இடம். இந்த இடத்துலதான் மலைக்கொழுந்து வாயே தொறக்கல. உலகத்துல எந்தப் பேருக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு இருந்தாரோ அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. டாக்டரு திரும்பக் கேட்டார், பக்கத்துல நின்ன மலையாளி சிஸ்டர் ஷீபா தோளைத் தட்டி, "சேட்டா, நிங்கள் வெள்ளைக்கண்ணு தானே? பதில் சொல்லு"ன்னுச்சு, டிவியில மரம் நடுங்குச்சு, இவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஆமா, நான்தான் வெள்ளைக்கண்ணு"ன்னார்.

அவரு அதைச் சொன்ன நேரத்துக்கு, இங்க ரூம்ல, ஆஸ்பத்திரியில படுத்துருக்குற ஆளு ரோட்டுல நடமாடக் கூடாதுன்னு நாங்க பூட்டி வச்சிருந்த நிஜ வெள்ளைக்கண்ணு, மேல்கட்டில்ல படுத்து ஆரஞ்சுப் பழம் உரிச்சுக்கிட்டு இருந்தவர், "யாருடா அது"ன்னு எந்திரிச்சு உக்காந்து தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். உள்ள ரெண்டு துடிப்பு. ஒண்ணு அவரோடது, சோம்பேறி, எப்பவும் போல. இன்னொண்ணு புதுசு, படபடன்னு, கோவக்காரத் துடிப்பு.

மலைக்கொழுந்து திரும்பி வந்தார். நல்லா நடந்து வந்தார், நாலு மாடியும் மூச்சு வாங்காம ஏறி வந்தார். ஜபருல்லா பாய் கையைப் பிடிச்சு நாடி பார்த்தார், நாடி இல்ல. நெஞ்சுல காதை வச்சுப் பார்த்தார், பூட்டுன வீடு மாதிரி இருந்துச்சு. மேலேருந்து டமடம டமடமன்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. பாய் மேல பார்த்தார், கீழ பார்த்தார், தாடியைச் சொறிஞ்சார்.

"கார்டு யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தானே போகும்"ன்னார். "என் பேர்ல சிம் வாங்கி நீ பேசுனா பில்லு யாருக்கு வரும்? எனக்குத்தான். அது மாதிரி. சரி, மூணு நாளா சாம்பார் இல்ல, யாரு முறை இன்னிக்கு?"

அவ்வளவுதான் பேச்சு. ரூம்ல ஒரு கம்பெனிக்கு ஒரு ரூல், விசா கொடுக்குற கஃபீலுக்கு ஒரு ரூல், ஆஸ்பத்திரிக்கு இது ஒரு ரூல்னு நாங்களும் போர்வையைப் போர்த்திக்கிட்டுப் படுத்துட்டோம்.

ஆனா அடுத்த நாள்லேருந்துதான் சங்கதியே. "யாரு முறை?"ன்னு பாய் கேட்டப்ப மலைக்கொழுந்து சிரிச்சுக்கிட்டே, "நானே செய்யுறேன், பாய்"ன்னார். அதுக்கடுத்த நாள் என் முறை, எனக்கு உடம்பு வலி, "அண்ணே, நீங்க செஞ்சுருங்களேன்"னு சும்மாதான் சொன்னேன், செஞ்சுட்டார். பாத்ரூம் கழுவுங்கன்னோம், கழுவுனார். துவைச்சுப் போடுங்கன்னோம், போட்டார். முகஞ்சுளிக்கல, முணுமுணுக்கல, உப்பு பத்தலன்னு தட்டைத் தள்ளுனா உப்பைக் கொண்டாந்து வச்சார். மூணாவது மாடிக்காரங்க வந்து, "உங்க மலைக்கொழுந்தை ஒரு நாளைக்கு அனுப்புங்க, கரப்பான் தொல்லை தாங்கல"ன்னாங்க, அனுப்புனோம். அவரு வேலை பார்த்த கட்டடத்து ஃபோர்மேன் எங்க ரூமுக்கே வந்துட்டான், கையில ஒரு கிலோ ஆப்பிள். "இந்தாளை வெயில்ல நிறுத்துனா நிக்கிறான், நிழல்ல உக்காருன்னு சொன்னாத்தான் உக்கார்றான், எந்த ஆஸ்பத்திரிடா அது, என் சைட்டு ஆளுங்க எல்லாருக்கும் பண்ணிவிடலாம்"னான். பக்கத்து பில்டிங்ல ரெண்டு பேரு நிஜமாவே வந்து கேட்டாங்க. ஒருத்தனுக்கு ஊர்ல அம்மா படுக்கையில. இன்னொருத்தன் பொண்டாட்டி பேசுறதில்ல. "நெஞ்சை வேற யாரு பேர்லயாவது மாத்திவிட முடியுமா பாய்"னு கேட்டுட்டு நின்னாங்க, பாய் திட்டி அனுப்பிட்டார், ஆனா அனுப்புன பிறகு கொஞ்ச நேரம் அவரும் யோசனையில இருந்தார்.

இவ்வளவு சந்தோசத்துக்கும் நடுவுல ஒரே ஒரு இடைஞ்சல், மேல்கட்டில். டமடமடமன்னு சத்தம், ஜெனரேட்டர் பக்கத்துல படுத்த மாதிரி. "கொஞ்சம் மெதுவாத் துடிக்கச் சொல்லேன்யா"ம்போம். "என்னோடது மெதுவாத்தான் துடிக்குது, மத்ததுகிட்ட நீங்களே சொல்லுங்க"ம்பார். அவருக்கு வந்த கஷ்டம் என்னன்னா, அந்த நெஞ்சு அவரை வெறுத்துச்சு. கண்ணாடி பார்த்துச் சவரம் பண்ணுவார், கண்ணாடியில தன் மூஞ்சி தெரிஞ்சதும் உள்ள இருக்குறது கொதிச்சுக்கிட்டு வரும், தன் மூஞ்சியிலயே காறித் துப்பணும்போல இருக்கும். ஒரு தடவை துப்பிட்டார். சோத்தை எடுத்து வாயில வச்சா, இவனுக்கு எதுக்குச் சோறுன்னு விலாவுல இடிக்கும். ஒரு மனுஷன் தன்னைப் பிடிக்காத நெஞ்சைத் தானே சுமந்துக்கிட்டு, அதுக்கும் சேர்த்து மூச்சு விட்டுக்கிட்டுத் திரிஞ்சார். ஆளு பாதியாப் போனார்.

கீழ்க்கட்டிலை உசுப்பிவிட்டா கோவம் வந்து நெஞ்சு திரும்பிப் போயிரும்னு நினைச்சார். ஒரு நாள் மலைக்கொழுந்து தட்டுல இருந்த மீனை எடுத்துத் தரையில எறிஞ்சார். "டேய் ஓடுகாலி! கஞ்சிக்கு வக்கில்லாம கம்பெனியை விட்டு ஓடுன நாயி! உன் மக என் கேட்ல பிச்சைக்காரி மாதிரி நின்னாடா!"

மலைக்கொழுந்து மீனைப் பொறுக்கிக் கழுவி, "இன்னொரு துண்டு வைக்கட்டுமா அண்ணே?"ன்னார்.

அண்ணே! வெள்ளைக்கண்ணு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். உள்ள இருக்குறது தன் மகளைச் சொன்னதும் எட்டி உதைச்ச உதையில, அவரோட சொந்தச் சோம்பேறி நெஞ்சு ரெண்டு துடிப்பைத் தவறவிட்டுருச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலைக்கொழுந்து பொண்டாட்டி பஞ்சவர்ணம் போன் பண்ணும். முன்னெல்லாம் அந்த போனுக்கு மனுஷன் குளிச்சு, சட்டை மாத்தி, ஜன்னலோரம் போய் நிப்பார். இப்ப வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசுனார். ஸ்பீக்கர்ல அந்தம்மா குரல் ரூமெல்லாம் கேக்கும்.

"புள்ளைக்கு அம்மை போட்டுருக்கு, மூணு நாளாக் கண்ணைத் தொறக்கல."

"சரி."

"என்ன சரி? சரியாம்ல, சரி! நான் யாருகிட்ட பேசுறேன்? ஏங்க, நீங்கதானா? குரலு உங்களுதா இருக்கு, ஆளைக் காணோமே."

"நான்தான். சாப்ட்டியா?"

மேல்கட்டில்ல வெள்ளைக்கண்ணு தலகாணியைக் கடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். எவன் மகளையோ நினைச்சு, எவன் பொண்டாட்டி குரலையோ கேட்டு, அவரு கண்ணுல தண்ணி கொட்டுச்சு, அழுதுக்கிட்டே எங்களைப் பார்த்து, "நான் அழலடா, அந்த நாயி அழுவுதுடா"ன்னார். நாங்க சத்தம் பொறுக்காம அவரு படுக்கையைச் சுருட்டி அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல இருக்குற சந்துல போட்டோம்.

கார்டு அவரோடது, அதனால செக்கப்புக்கு வரச் சொல்லி மெசேஜும் அவருக்குத்தான் வந்துச்சு. போனார். ஷீபா சிஸ்டர் குழாயை வச்சுக் கேட்டுச்சு, இடம் மாத்தி வச்சுக் கேட்டுச்சு, கதவைச் சாத்திட்டு வந்து கேட்டுச்சு.

"சேட்டா, மேசையில படுத்தது நீ இல்லல்லோ?"

"இல்ல சிஸ்டர். என் உசிரு போகுது, இதை எடுத்து அவன்கிட்டயே போட்டுருங்க."

"கம்ப்யூட்டர்ல ஹார்ட் உன் பேர்லல்லோ. நான் தொட்டா ரெண்டு பேரும் ஜெயில்." சிஸ்டர் குழாயைக் கழுத்துல மாட்டிக்கிச்சு. "ஒரு கூட்டுல ரெண்டு ரொம்ப நாள் தாங்காது கேட்டோ. முதல்ல உன்னுடையது நிக்கும். நெஞ்சும் ஆளும் அவன் சொந்த வீட்டு வாசல்ல ஒண்ணா நின்னா அது தானே போகும். வேற வழி ஒண்ணும் இல்ல."

ரூமுக்கு வந்து சொன்னார். மலைக்கொழுந்தை ஊருக்கு அனுப்பணும், தூதரகத்துல போய் நின்னா கல்லிவல்லி ஆளுக்கு அவுட்பாஸ்னு ஊருக்குப் போற சீட்டு கொடுப்பான், அனுப்புங்கன்னார். நாங்க அடுப்படிப் பக்கம் பார்த்தோம். அடுப்படியில மலைக்கொழுந்து எங்க எல்லாருக்கும் பூரி போட்டுக்கிட்டு இருந்தார், நல்லா உப்பலா, ஒண்ணுகூட எண்ணெய் குடிக்காம.

"பாவம்யா அவன்"ன்னார் பாய். "ஊர்ல போய் என்ன பண்ணுவான்? இங்க நிம்மதியா இருக்கான்."

"அவன் நிம்மதியா இருக்கான், நான் சாகுறேன்."

"நீ என்னிக்கி அவனுக்கு நல்லது நினைச்ச? இன்னொரு பூரி வாங்கிக்க."

சொன்னா யாருக்கு வேணும்னாலும் கீழ்ப்படியுற ஆளு மலைக்கொழுந்து, ஆனா கடைசியா யாரு சொல்றாங்களோ அதைத்தான் செய்வார். வெள்ளைக்கண்ணு "கிளம்பு"ம்பார், அவரு செருப்பைப் போடுவார், நாங்க "உக்காருங்கண்ணே"ம்போம், கழட்டிருவார். நாங்க நிறையப் பேரு, வெள்ளைக்கண்ணு ஒருத்தர்.

கடைசியில வெள்ளைக்கண்ணு தன்னோட லீவை எடுத்தார். ஆளை அனுப்ப விட மாட்டீங்க, நெஞ்சையாவது கொண்டுபோய் அந்த வாசல்ல இறக்குறேன்னு கிளம்பிட்டார். அந்தத் தடவை அவர்கிட்ட யாரும் ஒரு சாமானும் கொடுத்துவிடல. அவ்வளவு கோவம் எங்களுக்கு.

ஊர்ல என்ன நடந்துச்சுன்னு அவரே சொன்னார், அவரு சொன்னதைவிட அவரு கன்னத்துல இருந்த கீறல் நல்லாச் சொல்லுச்சு. பஞ்சவர்ணம் வாசல்ல உக்காந்து ரேஷன் அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டு இருந்திருக்கு. இவரு கேட்டுக்கு வெளியவே நின்னுருக்கார்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இந்த வாசலுக்கு வந்த?"

"மூஞ்சிக்காக வரல, தங்கச்சி."

"தங்கச்சின்னா விளக்கமாறு பிஞ்சுரும்! பச்சைப் புள்ள பொம்மையைத் தூணுகிட்ட போட்டுட்டு வந்தவனுக்குத் தங்கச்சி வேணுமாக்கும்."

திட்டிக்கிட்டே இருந்த அந்தம்மா சட்டுன்னு நிறுத்திருச்சு. வெள்ளைக்கண்ணு நெஞ்சு கேட்டுக்கம்பி அதிர அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. முறத்தைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வந்து, கம்பிக்கு உள்பக்கமிருந்தே காதைச் சாய்ச்சுக் கேட்டுச்சு.

"இது யாரோடதுன்னு எனக்குத் தெரியும்"ன்னுச்சு. "பொய் சொல்லிட்டு வந்து பக்கத்துல படுக்கும்போது இப்படித்தான் அடிக்கும்."

அதுக்கப்புறம் திட்டு அவருக்கு இல்ல, உள்ள இருக்குற தன் புருஷன் நெஞ்சுக்கு. அஞ்சு வருஷத் திட்டு. போன்ல காசு கரையுதுன்னு முழுங்குன திட்டு, மாமியார் கேப்பாங்கன்னு முழுங்குன திட்டு, அம்மையில கிடந்த புள்ள அப்பான்னு முனகுனப்ப முழுங்குன திட்டு, எல்லாத்தையும் சட்டை பட்டனுக்கு நேரா நின்னு திட்டுச்சு, தெருவே கூடிருச்சு, வெள்ளைக்கண்ணு சாமிச் சிலை மாதிரி நின்னார், உள்ள இருக்குறது மட்டும் ஒடுங்கிக்கிட்டே போச்சு. அதுக்குள்ள வெள்ளைக்கண்ணு பொண்டாட்டி சுந்தரவள்ளி கொண்டையை முடிஞ்சுக்கிட்டு ஓடி வந்துருச்சு.

"என் புருஷன் நெஞ்சுல உனக்கென்னடி காது?"

"உன் புருஷன் நெஞ்சு யாருக்குடி வேணும்? தெருவுல போட்டா நாயி மோந்து பார்க்காது. என்னோடதை நான் எடுத்துக்கிறேன்."

இப்படிச் சொல்லி, அவரு நெஞ்சு மேல கையை வச்சு, "வா"ன்னுருக்கு. நெஞ்சு போயிருச்சு. அந்தம்மா கையில ஏறி, தோள்ல ஏறி, உள்ள போய் உக்காந்துக்கிச்சு. தெருவுல நின்னவங்க யாரும் அசந்துபோகல. "கார்கோ முன்னாடி வரும், ஆளு பின்னாடி வருவாங்க, துபாய்ல எப்பவும் அப்படித்தானே"ன்னு பேசிக்கிட்டு, உலையில அரிசி கிடக்குன்னு அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. பஞ்சவர்ணம் மட்டும் மாரைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்க, "இது என்கிட்ட ரொம்ப நாள் தாங்காது, எனக்கு வேலை கிடக்கு"ன்னுச்சு. "ஆளை அனுப்பு. அனுப்பலேன்னா ரெண்டு நெஞ்சோட உன் வாசல்ல வந்து படுத்துருவேன்." கீறல் எதுக்குன்னு கேட்டோம். அது சுந்தரவள்ளி போட்டதாம்.

வெள்ளைக்கண்ணு திரும்பி வந்தார். சும்மா காத்து மாதிரி வந்தார், சோம்பேறி நெஞ்சு ஒண்ணோட. மேல்கட்டில் அவருக்குத் திரும்பக் கிடைச்சுது, தூக்கம் கிடைச்சுது, இனிமே யாரு எப்படிப் போனா என்னன்னு இருக்கலாம், நாங்களும் அப்படித்தான் இருப்பாருன்னு நினைச்சோம். நாங்க அதுக்குள்ள மலைக்கொழுந்து போனை வாங்கி பாய் பெட்டியில போட்டுட்டோம், ஊர்லேருந்து "வாங்க"ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா அவரு செருப்பு தேடுவாரே.

வந்த மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். மலைக்கொழுந்து எங்க எல்லாருக்கும் பரிமாறிட்டு வெள்ளைக்கண்ணுகிட்ட வந்து, "அண்ணே, ரசம்?"ன்னார்.

வெள்ளைக்கண்ணு அவரு மூஞ்சியை ரொம்ப நேரம் பார்த்தார். முறைச்சுப் பார்த்தார், பல்லைக் கடிச்சுப் பார்த்தார். அங்கேருந்து ஒண்ணும் திரும்பி வரல.

"பாய், எனக்கு இந்தாளைப் பிடிக்காது"ன்னார். "சாகுற வரைக்கும் பிடிக்காது. ஆனா பிடிக்காமப் போறதுக்கு ஒரு ஆளு வேணும்ல பாய்? இது என்ன, சட்டையை மாட்டி வச்ச மாதிரி. டே மலைக்கொழுந்து!"

பேரைச் சொன்னார். கரண்டியெல்லாம் நின்னுருச்சு.

"எந்திரி. வீட்டுக்குப் போ."

மலைக்கொழுந்து ரசச்சட்டியைக் கீழ வச்சார். "உக்காருங்கண்ணே!"ன்னோம், உக்காந்தார். "போ!"ன்னார் வெள்ளைக்கண்ணு, எந்திரிச்சார். பாய் கதவுகிட்ட ஓடி, "சோறு வடிக்கணும் தம்பி, வா"ன்னார், திரும்புனார். வெள்ளைக்கண்ணு அவரு பிடரியில கையை வச்சு வெளிய தள்ளிட்டு, ஒரு படி இறங்குனா ஒரு "போ", ஒரு படி இறங்குனா ஒரு "போ", தன் சொல்லே கடைசிச் சொல்லா இருக்கணும்னு மூச்சு விடாமச் சொல்லிக்கிட்டே இறக்குனார், பின்னாடி நாங்க தட்டும் கையுமா, "வாங்கண்ணே, துணி ஊறுது! வாங்கண்ணே, கேஸ் மாத்தணும்!"னு கத்திக்கிட்டே இறங்குனோம், மூணாவது மாடிக்காரங்க கதவைத் தொறந்து, "எங்க வீட்டுக் கரப்பான் என்னாகுறது?"ன்னாங்க, நாலு மாடியும் நாங்க வா, அவரு போ, தொண்டை கட்டிப்போயி காத்துதான் வந்துச்சு அவருக்கு, ஆனாலும் போன்னுதான் வந்துச்சு.

ரோட்டுல ஒரு டாக்சியைக் கையைக் காட்டி நிறுத்தி உள்ள தள்ளுனார். நாங்க கண்ணாடியைத் தட்டிக் கத்தறதுக்குள்ள, எதிர்த்த மருந்துக்கடையில பஞ்சு வாங்கி, உருண்டை பிடிச்சு, மலைக்கொழுந்து ஒரு காதுல நல்லா அழுத்தி அடைச்சார். இன்னொரு காதுல வாயை வச்சார்.

"தூதரகத்துல இறங்கு. அவுட்பாஸ்னு சொல்லு. ஆயிரம் கேப்பான், வெளிய போடான்னாலும் போகாத, அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லு."

"சரி. வீட்டுக்குப் போய் என்ன செய்யணும்?"

"வாசல்ல நில்லு. அவ திட்டுவா. முடிக்கிற வரைக்கும் அசையாத."

"அப்புறம்?"

"அப்புறம் எவன் சொல்றதையும் கேக்காதடா, மாடு." சொல்லிட்டு அந்தக் காதையும் அடைச்சார். டாக்சி போயிருச்சு.

அன்னிக்கு ராத்திரி நாங்க குப்பூஸ் தின்னோம். வெள்ளைக்கண்ணுகிட்ட ரூம்ல யாரும் பேசல, பாய் அவரு பேரை எல்லா நாளுக்கும் சமையல் முறையில போட்டார், அவரு ஆக்குன சோறு குழைஞ்சுது, குழம்பு தீஞ்சுது, நாங்க ஒவ்வொரு வாய்க்கும் அவரைத் திட்டிக்கிட்டே தின்னோம், மாசக்கணக்குல தின்னோம். தூதரகத்துல மலைக்கொழுந்து மூணு வாரம் நின்னதாவும், கேட்டதுக்கெல்லாம் அவுட்பாஸ் அவுட்பாஸ்னு மட்டும் சொன்னதாவும், பொறுக்க முடியாம கொடுத்துட்டதாவும் யாரோ வந்து சொன்னாங்க. அதுக்கப்புறம் சேதி இல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வெள்ளைக்கண்ணு அடுப்படியில வெங்காயம் நறுக்கி நறுக்கி எண்ணெயில போட்டுக்கிட்டு இருந்தப்ப அவரு போன் அடிச்சுது. கை ஈரம், ஸ்பீக்கர்ல போட்டார்.

"டேய் பொறம்போக்கு! காதுல பஞ்ச வச்சு அடைச்சியேடா, களவாணி, அதை எடுக்க மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வரேன்டா! சீழு வச்சுப்போச்சுடா! நீ நல்லா இருப்பியா? உன் கை விளங்குமா? எம்மக கேக்குறா, யாருப்பா இப்படி அடைச்சதுன்னு, என்னான்னு சொல்லுறது, ஊரு உலகத்துல இல்லாத ஒரு நாயி…"

ரூமெல்லாம் கேட்டுச்சு. அந்தக் குரலுக்குப் பின்னாடி, அந்தாளு நெஞ்சுலேருந்தே, டமடம டமடமன்னு ஒரு சத்தமும் கேட்டுச்சு.

வெள்ளைக்கண்ணு கத்தியைக் கீழ வச்சார். ஈரக்கையை லுங்கியில துடைச்சார். போனை ரெண்டு கையாலயும் எடுத்து வாய்க்கிட்ட கொண்டுபோனார்.

"வைடா போனை, வெங்காயம் கருகுது"ன்னார். ஆனா அவரு வைக்கல.